சாம்பலில் புரட்டிய மூன்று விதைகள்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் போதும், பேச்சு தானாகப் பழைய காலத்துக்குப் போய்விடுகிறது. தாம்பரத்தில் அப்போது கையெட்டும் ஆழத்தில் கிணற்றுத் தண்ணீர், வீட்டுக்கு வீடு முருங்கை, கள்ளங்கபடம் தெரியாத பிள்ளைகளாக நாம். மற்றதெல்லாம் சரி, அந்தக் கடைசி விஷயத்தில் மட்டும் என்னைச் சேர்த்துக்கொள்ளாதீர்கள். என் பத்து வயதில், எண்பதுகளின் தொடக்கத்தில், ஓர் ஆனி மாதம் தொடங்கி ஆவணி வரைக்கும் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

போன வாரம் என் மகள் கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பெட்டி நிறைய மங்குஸ்தான் வாங்கி வந்தாள். தின்றுவிட்டுக் கொட்டைகளைக் குப்பையில் போட்டாள். நான் எழுந்துபோய்க் குப்பைக்கூடையின் மூடியைச் சாத்தினேன். அந்தக் கொட்டைகளைப் பார்க்க எனக்கு இன்னும் பிடிக்காது.

எங்கள் வீடு கிழக்குத் தாம்பரத்தில், மாடம்பாக்கம் போகும் சாலையில் இருந்தது. ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த நிலம் எங்களுக்கு இருந்ததாம். நான் பிறப்பதற்குள் அதையெல்லாம் மனையாகப் பிரித்து விற்றுவிட்டு, அப்பா பெயின்ட்டும் ஆணியும் விற்கிற கடை வைத்துவிட்டார். நிலம் போனாலும் எங்கள் வீட்டில் விவசாயத் திமிர் போகவில்லை. அதிலும் அத்தைக்கு. அப்பாவின் அக்கா அவள். நாலு பிள்ளை பெற்றவள். பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்தாலும் பகல் முழுக்க எங்கள் வீட்டில்தான் இருப்பாள். நிலம் இருந்த காலத்தில் நாற்றங்காலில் முதல் பிடி விதையை அத்தைதான் விடுவாளாம். கைராசிக்காரி. அந்தக் கைக்கு இப்போது வேலை இல்லாததால் அது எங்கள் எல்லோரையும் அதட்டுவதற்குப் பயன்பட்டது.

அப்பாவின் தம்பி, சித்தப்பா, கிண்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். சித்தி உத்திரமேரூர்ப் பக்கத்துப் பெண். அவள் எங்கள் வீட்டுக்கு வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. எனக்குத் தலை வாரிவிடுவது அவள்தான். அம்மா வாரினால் மண்டைத்தோல் உரியும். சித்தி சிக்கெடுக்கும்போது முடியின் அடியை இன்னொரு கையால் பிடித்துக்கொள்வாள், வலி தலைக்கு ஏறாது. அந்தக் கைகளுக்கு எப்போதும் தேங்காயெண்ணெயும் விபூதியும் கலந்த ஒரு வாசனை உண்டு.

அவளுக்குப் பிள்ளை இல்லை. அதை யாரும் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதே இல்லை. எங்கள் வீட்டில் பெண்கள் தூரமானால் பின்கட்டில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், தனித் தட்டு, தனிச் சொம்போடு ஒதுங்கி உட்கார வேண்டும். சித்தி மாதாமாதம் அங்கே போய் உட்காரும்போதெல்லாம், இந்த மாதமும் இல்லை என்று தண்டோரா போட்ட மாதிரி வீட்டுக்கே தெரிந்துவிடும். தயிர்க்காரம்மாகூடப் பின்கட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த மாசமும் இல்லியா?" என்று உச்சுக்கொட்டிவிட்டுத்தான் தயிர் அளப்பாள்.

அந்த ஆனியில் சித்திக்குப் பத்து நாள் தள்ளிப் போயிருந்தது. வீடே மாறிவிட்டது. அம்மா அவள் கையிலிருந்து குடத்தைப் பிடுங்கி வைத்தாள். அத்தை முதல்முறையாக அவளை "கண்ணு" என்று கூப்பிட்டாள். கம்பெனி நண்பர்களோடு குற்றாலச் சீசனுக்குப் போயிருந்த சித்தப்பா, ஒரு காலையில் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். கையில் ஒரு பனையோலைக் கூடை. அது நிறைய, கறுப்பும் ஊதாவுமாக, தலையில் பச்சைத் தொப்பி வைத்த உருண்டைகள்.

"இன்னாடா இது, பழமா பம்பரமா?" என்றாள் அத்தை.

"மங்குஸ்தான்க்கா. குத்தாலத்துல மட்டும்தான் கெடைக்கும். மொதல்ல அவளுக்குக் குடு" என்றார் சித்தப்பா. அப்படி எல்லோர் எதிரிலும் அவர் சித்தியைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. அத்தையே ஒரு பழத்தைப் பொறுக்கிச் சித்தியின் கையில் வைத்தாள். சித்தி அதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தாள். பிறகு அவள் முகம் மாறியது. பழத்தைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தாள். யாரையும் பார்க்காமல் பின்கட்டுக்கு நடந்தாள்.

அம்மா என்னைப் பார்த்து, "சித்தியோட தட்டையும் சொம்பையும் எடுத்துக்கினு போய் வையி. அவளத் தொடாத" என்றாள். சித்தி வைத்துவிட்டுப் போன பழத்தை ஒருவரும் எடுக்கவில்லை. தொட்டதாயிற்றே. நான் அதைக் காலால் உருட்டிக்கொண்டே போய்ப் பின்கட்டு வாசலில் விட்டேன். எனக்கு அது ஒரு விளையாட்டாகத்தான் இருந்தது.

மற்ற பழங்களை நாங்கள் தின்றோம். அதை மறைத்து என்ன பயன்? நன்றாகவே தின்றோம். பழத்தின் அடியில் ஒரு சின்னப் பூ மாதிரி இருக்கும். அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. சித்தப்பா இதைச் சொல்லிக் கொடுத்ததும் நான் எண்ணி எண்ணி உடைத்தேன். ஓடு கெட்டி. அதன் சாறு என் வெள்ளைப் பெட்டிக்கோட்டில் பட்டுக் கறையாகி, அந்தப் பெட்டிக்கோட் கிழியும்வரை போகவேயில்லை. சுளை வெள்ளை வெளேரென்று, புளிப்பும் இனிப்புமாக வாயில் வைத்ததும் கரைந்தது. எல்லாச் சுளையிலும் கொட்டை கிடையாது. பெரிய சுளையில் மட்டும் ஒன்று இருக்கும். அத்தை அவற்றை ஒரு கிண்ணத்தில் சேர்த்துக்கொண்டே வந்தாள். ஒன்பது சேர்ந்தன.

"இத்த மொளைக்க வைக்கறது லேசு இல்லக்கா" என்றார் சித்தப்பா. "அங்கயே சொல்றாங்க. பத்து போட்டா ரெண்டு வந்தா அதிசயமாம்."

அத்தையின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதை நான் அப்போதே பார்த்தேன். பின்கட்டுக்குக் கேட்கிற மாதிரிக் குரலை உயர்த்தினாள்.

"அப்ப சரி. ஆளுக்கு மூணு கொட்டை. நானு, ஒங்கண்ணி, ஒம்பொண்டாட்டி. ஆளுக்கொரு டப்பால போடுவோம். யாரு கை வெளங்குற கை, யாரு கை வெளங்காத கைன்னு பாத்துடலாம். அவ கையில ஒண்ணே ஒண்ணு மொளைச்சாலும் நான் வாயத் தொறக்கமாட்டேன். மொளைக்கலன்னா, ஆடி கழிஞ்சதும் படப்பையில நான் பாத்து வெச்சிக்கிற பொண்ணு வூட்டுக்குப் போய்ப் பேசுவேன். நீயும் குறுக்க பேசக்கூடாது."

அப்பா சிரித்தார். வேடிக்கை என்று நினைத்தாரோ என்னவோ. சித்தப்பா கொஞ்ச நேரம் தன் விரலில் இருந்த கறையைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒன் இஷ்டம்க்கா" என்றார். ஒரு மனுஷியின் வாழ்க்கை அந்த இரண்டு வார்த்தையில் மூன்று கொட்டையின் மேல் ஏற்றப்பட்டது. எனக்கோ பள்ளியில் ஓட்டப்பந்தயம் வைத்தது போல ஒரே குஷி.

அப்பா கடையிலிருந்து மூன்று காலி பெயின்ட் டப்பா வந்தது. அடியில் ஆணியால் ஓட்டை போட்டார்கள். பச்சை டப்பா அம்மாவுக்கு, நீல டப்பா அத்தைக்கு. செம்மண் நிறத்தில் வழிந்து காய்ந்திருந்த ரெட் ஆக்ஸைடு டப்பா சித்திக்கு. அம்மாவும் அத்தையும் அன்றைக்கே, கொட்டையில் ஒட்டியிருந்த சதையின் ஈரம்கூடப் போகாமல், மண்ணில் புதைத்துத் தண்ணீர் தெளித்துவிட்டார்கள்.

சித்தியோ மண்ணைத் தொடக்கூடாது. தூரமானவள் தொட்டால் செடி கருகிப்போகும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். நாலு நாள் கழித்துத் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் நட முடியும்.

"அதுவரிக்கும் இந்த மூணும் அழுகிப் போய்டுமே" என்றாள் அம்மா.

"ஏன் அழுவுது? கத்திரி வெதை, பூசணி வெதையெல்லாம் எப்படி வெச்சிருந்தோம்? கழுவி, சாம்பல்ல பெரட்டி, வெயில்ல காயப் போடு. வெதையப் பத்தி எனக்கு யாரு சொல்லணும்?" என்றாள் அத்தை. இதில் மட்டும் அவள் ஏமாற்றவில்லை. அவளுக்குத் தெரிந்ததைத்தான் சொன்னாள். காய்ந்தால்தான் விதை என்பது எங்கள் பரம்பரை ஞானம்.

காயவைக்கிற வேலை என்னிடம் வந்தது. நான் கேட்டு வாங்கினேன். சித்திக்காக. இதை நீங்கள் நம்பவேண்டும், அந்த நாலு நாள் நான் அவளை உண்மையாகவே நேசித்தேன். மூன்று கொட்டையையும் தேங்காய்நாரால் தேய்த்துக் கடைசிச் சதை போகும்வரை கழுவினேன். விறகடுப்புச் சாம்பலைச் சலித்து அதில் புரட்டினேன். முறத்தில் பரப்பி மொட்டை மாடிக்குக் கொண்டுபோனேன். பள்ளிக்கூடம் போகவில்லை, வயிற்றுவலி என்று பொய் சொன்னேன். காக்காய் வராமல், அணில் வராமல் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு காவல் இருந்தேன். நிழல் நகர நகர முறத்தையும் நகர்த்தினேன். மணிக்கொரு தடவை திருப்பிப் போட்டேன். கீழே பின்கட்டிலிருந்து சித்தி அண்ணாந்து பார்ப்பாள். "காயுதாடி?" என்பாள். "சூப்பரா காயுது சித்தி" என்பேன்.

நாலாம் நாள் அவை சுருங்கி, பழுப்பாகி, எடையே இல்லாமல் இருந்தன. ஹார்லிக்ஸ் மூடியில் போட்டுக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வந்தது. ஈரத் தலையோடு நின்ற சித்தியின் காதுக்குப் பக்கத்தில் குலுக்கிக் காட்டினேன். அவள் சிரித்தாள். மாடம்பாக்கம் சிவன் கோயிலுக்கு நடந்தே போய்விட்டு வந்து, விபூதியை டப்பாவில் தூவி, மூன்றையும் நட்டாள். நட்டுவிட்டு, ஈரமண் ஒட்டிய கையை முந்தானையில் துடைக்காமல் வெகுநேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆடி பிறந்தது. முதலில் அம்மாவின் பச்சை டப்பாவில்தான் வந்தது. செம்பு நிறத்தில் பளபளவென்று இரண்டு இலை, கூப்பிய கை விரிகிற மாதிரி. ஒரு வாரத்துக்குள் அதிலேயே இன்னும் இரண்டு வந்தன. அத்தையின் டப்பாவில் இரண்டு. தெருவே வந்து பார்த்தது. தயிர்க்காரம்மா மூன்றாவது டப்பாவைக் குனிந்து பார்த்து, "இன்னாம்மா, இதுல ஒண்ணியும் காணோம்?" என்றாள். அத்தை புன்னகைத்தாள். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவை நல்லவள் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பேசாமல் இருந்ததுதான் அவளுடைய பங்கு என்பது எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று.

சித்தி தினமும் விடிந்ததும் டப்பாவின் முன்னால் குந்துவாள். தண்ணீரைக் கையில் ஏந்திச் சொட்டுச் சொட்டாக விடுவாள். அந்த மாதம் அவள் இளைத்துப்போனது எனக்கே தெரிந்தது. என் தலையைப் பின்னும்போது நடுவில் கை நின்றுவிடும். "சித்தி" என்று கூப்பிட்டால்தான் மறுபடி நகரும்.

ஆடி மாதம் கடைசி ஞாயிறு, அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். எல்லோரும் போய்விட்டார்கள். நானும் சித்தியும் மட்டும் வீட்டில். அவள் என்னைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"ஒங்கம்மா டப்பால மூணு கீது. ஒண்ண எடுத்து என் டப்பால வெச்சிடுடி. மகராசியா இருப்ப."

"நீயே எடேன் சித்தி."

"நான் தொட்டா அதுவும் பட்டுப்பூடும்டி. என் கை அப்படி. நீ எடு."

அவள் ஏமாற்றச் சொன்னது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அத்தை சொன்னதை அவளே நம்பிவிட்டாள் என்பது அப்போது எனக்கு உறைக்கவும் இல்லை. நான் குழிக்கரண்டியை எடுத்துவந்து, ஒரு கன்றைச் சுற்றி ஆழமாகத் தோண்டி, வேர் அறாமல் மண்ணோடு தூக்கி, ரெட் ஆக்ஸைடு டப்பாவில் வைத்தேன். பச்சை டப்பாவில் குழி தெரியாமல் மண்ணை நிரவினேன். பெரிய மனுஷி மாதிரி நேர்த்தியாகச் செய்தேன். சித்தி மூன்றடி தள்ளி, முந்தானையால் இரண்டு கையையும் சுற்றிக்கொண்டு நின்றிருந்தாள்.

சாயங்காலம் முதலில் பார்த்தது சித்தப்பா. அவர் போட்ட சத்தத்தில் எல்லோரும் ஓடிவந்தார்கள். அவர் டப்பாவின் முன்னால் மண்டி போட்டிருந்தார். சித்தியின் வலது கையை எல்லோர் முன்னாலும் பிடித்துத் தூக்கி, "பாத்தீங்களா? இன்னா கை இது! இன்னா கை!" என்றார். சித்தி சிரித்தாள். ஆறு வருடத்தில் அவள் அப்படிப் பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததில்லை. அத்தையின் வாய் உண்மையிலேயே மூடிக்கொண்டது. பச்சை டப்பாவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதோடு முடிந்திருக்க வேண்டியது.

சித்தப்பா என் பக்கம் திரும்பினார். "நல்லாப் பாத்துக்கடி ஒஞ்சித்தி கைய. கைன்னா அது கை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு நாள் வெயிலில் காய்ந்தது யார்? வேர் அறாமல் எடுத்தது யார்? நின்று வேடிக்கை பார்த்தவளுக்குப் பேரா? இவ்வளவுதான் காரணம். யாரும் என்னை மிரட்டவில்லை, அடிக்கவில்லை, கேட்கக்கூட இல்லை.

"அது ஒண்ணும் சித்தி கை இல்ல. என் கை! நான்தான் அம்மா டப்பாலேர்ந்து எடுத்து நட்டேன்."

சொன்னதும் பாராட்டுக்காகச் சுற்றிலும் பார்த்தேன். அதை நினைத்தால் இப்போதும் என் உடம்பு கூசுகிறது.

அத்தை நிதானமாகக் குனிந்து பச்சை டப்பாவில் எண்ணினாள். பிறகு ரெட் ஆக்ஸைடு டப்பாவைத் தூக்கிச் சிமென்ட் தரையில் கவிழ்த்தாள். மண்ணை விரலால் கலைத்து மூன்று கொட்டையையும் தேடி எடுத்தாள். சாம்பல் பூத்து, கறுத்து, பொக்காகி இருந்தன. ஒன்றை இரண்டு விரலால் நசுக்கினாள். தூளாகிவிட்டது.

"பாருடா. இவ தொட்டா கொட்டைகூடக் கரியாப் பூடுது. இதுல திருட்டு வேற."

சித்தப்பா பிடித்திருந்த கையை விட்டார். அது தொப்பென்று விழுந்தது. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். சித்தி தரையில் கிடந்த கன்றைக்கூட எடுக்கவில்லை. அம்மாதான் விளக்குமாற்றை எடுத்துவந்து மண்ணோடு சேர்த்துக் கூட்டினாள்.

ஆவணி முதல் வாரத்தில் சித்தியின் அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போனார். நாலு நாள் இருந்துவிட்டு வரட்டும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். டிரங்குப் பெட்டி முழுக்க அடுக்கியிருந்ததை நான் பார்த்தேன். கிளம்புகிற காலையிலும் அவள் எனக்குத் தலை வாரிவிட்டாள், முடியின் அடியைப் பிடித்துக்கொண்டு, வலிக்காமல். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். ரிப்பன் மட்டும் கட்டிவிட்டாள்.

தை மாதம் படப்பைப் பெண் வந்தாள். அவளுக்கும் பிள்ளை பிறக்கவில்லை. யாரும் சித்தப்பாவை டாக்டரிடம் போகச் சொல்லவில்லை. மங்குஸ்தான் கன்றுகள் அத்தனையும் தாம்பரத்து வெயில் தாங்காமல் அடுத்த சித்திரையிலேயே கருகிவிட்டன, கைராசிக்காரி கைப்பட்டதும் சேர்த்து. அதைப் பற்றி யாரும் எதுவும் பேசவில்லை. ரெட் ஆக்ஸைடு டப்பா ஓட்டை அடைக்கப்பட்டுப் பின்கட்டில் கழுநீர் மொள்ளப் பயன்பட்டது.

தொண்ணூறுகளில் எனக்குக் கல்யாணமாகிச் சேலையூரில் தனிக்குடித்தனம் வைத்தபோது, கேளம்பாக்கம் போகும் வழியில் ஒரு நர்சரிக்குப் போனேன். அங்கே வரிசையாக மங்குஸ்தான் கன்றுகள், அதே செம்பு நிற இலையோடு. விதை காயவைத்துப் போட்டால் வருமா என்று சும்மா கேட்டேன்.

"ஐயோ மேடம், காயவே கூடாது! ரெண்டு நாள் வெயில் பட்டாச் செத்துடும். பழத்துலேர்ந்து எடுத்த ஈரத்தோட மண்ணுல போடணும்" என்றார் நர்சரிக்காரர். பிறகு, தெரிந்ததைச் சொல்லும் சந்தோஷத்தில், "இன்னொரு வேடிக்கை கேளுங்க. இதுக்கு ஆண் பூவே வேணாம். தாய் மரம் மட்டும் போதும், காய்ச்சிடும்" என்றார்.

நான் ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன். மொட்டை மாடியில் முறத்தை நகர்த்தி நகர்த்தி நான் பார்த்த காவல்தான் ஞாபகத்தில் நின்றது. சித்தியிடம் இதைச் சொல்லியே ஆகவேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன். குறித்துக்கொண்டதோடு சரி, போகவில்லை.

அவளைக் கடைசியில் பார்த்தது உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்தில். என் மகளுக்கு அப்போது எட்டு மாதம். சித்தி பந்தலின் கடைசி வரிசையில், தூணோரம் உட்கார்ந்திருந்தாள். முடி முழுக்க வெளுத்துவிட்டது. அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாளாம். நான் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தையை அவள் மடியில் வைக்கப் போனேன். சட்டென்று இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வேணாம்டி. தூரத்துலேர்ந்தே பாத்துக்கறேன். அண்ணன் வயல்ல வெதை வுடற அன்னிக்கிக்கூட நான் அந்தப் பக்கம் போறதில்ல."

இப்போது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். "சித்தி, அன்னிக்கி அந்தக் கொட்டைங்க..."

"அதெல்லாம் ஏண்டி இப்ப?" என்றாள் சித்தி. குரலில் கோபமே இல்லை. "நான்தான் ஒன்ன அதுல இழுத்துவுட்டேன். சின்னப் பொண்ணு நீ. நாலு நாளு வெயில்ல ஒக்காந்து எவ்ளோ பத்தரமா காய வெச்சிக் குடுத்த! அத நான் மறக்கவேயில்ல. எனக்காக அந்த வூட்ல செஞ்சது நீ ஒருத்திதான். நீ அவ்ளோ செஞ்சும் என் கையில வெளங்கல பாரு."

குழந்தை அவளைப் பார்த்துக் கையை நீட்டியது. அவள் முந்தானையை இன்னும் இறுக்கிக்கொண்டு, முகத்தால் மட்டும் அதற்கு விளையாட்டுக் காட்டினாள். நான் குழந்தையைத் திருப்பித் தோளில் போட்டுக்கொண்டேன்.

"சாப்ட்டியா சித்தி?" என்று கேட்டேன்.